முந்தி அறுப்பதா, பிந்தி அறுப்பதா?

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் சாம்ப்ளேன் ஏரியை ஒட்டிய பள்ளத்தாக்கு, பால் பண்ணைகளுக்குப் பேர்போனது. மே மாதம் அங்கே புல் மளமளவென்று ஏறும்போது பாபோலிங்க் வந்து இறங்கும். பொலிவியா, அர்ஜென்டினா பக்கத்திலிருந்து வரும் சின்னப் பறவை. வழக்கமாகப் பறவைகளுக்கு வயிறு வெளுப்பாகவும் முதுகு கறுப்பாகவும் இருக்கும். ஆண் பாபோலிங்க்குக்கு எல்லாமே தலைகீழ்: வயிறு கறுப்பு, முதுகில் வெள்ளை, பிடரியில் வெண்ணெய் நிறம். தெற்கே திரும்பும் வழியில் நெல் வயல்களில் புகுந்து மேய்வதால் அறிவியல் பெயரிலேயே 'அரிசி தின்னி' என்று எழுதிவிட்டார்கள்.

இது கூடு கட்டுவது தரையில், தீவனப் புல்லின் அடியில். (தீவனப் புல் என்றதும் நம் வைக்கோலை நினைக்க வேண்டாம். வைக்கோல், நெல் எடுத்தபின் மிஞ்சும் தாள். இது மாட்டுக்கென்றே வளர்த்து, பச்சையாக அறுத்துக் காயவைப்பது. காயவைக்காமல் காற்றுப் புகாதபடி மூடிப் புளிக்க வைத்தால் சைலேஜ், அதாவது ஊறுகாய்ப்புல்.) ஐந்தாறு முட்டை, சுமார் 12 நாள் அடை. பொரித்த குஞ்சுகள் பத்துப் பதினொரு நாள் கூட்டில் கிடக்கும். வெளியே வந்த பிறகும் சில நாள் பறக்கத் தெரியாது. அறுவை இயந்திரம் வந்தால் குஞ்சு ஓடாது, அப்படியே பதுங்கும்.

நியூயார்க் மாநில வயல்களைப் பற்றி 1990-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அறுப்பின்போது 51 சதவீத முட்டைகளும் குஞ்சுகளும் அழிந்ததாகச் சொல்கிறது. அப்புறம் புல்லை வாரி, கட்டுக் கட்டி, தாய் கூட்டைக் கைவிட்டு, வேட்டையாடும் பிராணிகளும் வந்து போன பிறகு கணக்குப் பார்த்தால் 94 சதவீதம். ஆகவே 'பிளேடைக் கொஞ்சம் தூக்கி ஓட்டினால் போதாதா' என்ற யோசனையை இங்கேயே தள்ளிவிடலாம். பிளேடுக்குத் தப்பிய கூடு, நிழலும் மறைவும் இல்லாமல் வெட்டவெளியில் கிடக்கும்.

மிச்சமிருப்பவற்றில் எல்லோரும் முதலில் சொல்வது, பிந்தி அறுப்பது. ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் வரை வயலைத் தொடாமல் விடுவது. பறவைக்கு இதைவிட நல்லது கிடையாது. பால் பண்ணைக்காரருக்கோ இது கையைக் கடிக்கும். புல் கதிர் வாங்கி முற்றிவிட்டால் புரதம் இறங்கும், நார் ஏறும். கறவை மாட்டுக்குப் போட்டால் பால் குறையும். பால் வற்றிய மாட்டுக்கும், கிடேரிக்கும், குதிரைக்கும் ஆகும், அவ்வளவுதான். அந்த நட்டத்தை ஈடுகட்டத்தான் 'பாபோலிங்க் புராஜெக்ட்' என்ற திட்டம் இருக்கிறது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு தந்தால் அறுப்பைத் தள்ளிப்போடுகிறேன் என்று விவசாயி விலை சொல்கிறார். எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனாலும் பால் விற்றுத்தான் பிழைப்பு என்பவர் தன் நல்ல வயலை இதற்குத் தருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது வழி கேட்கவே முரணாக இருக்கும்: முந்தி அறுப்பது. மே 31-க்குள் முதல் அறுப்பை முடித்துவிட வேண்டும். அடுத்த 65 நாள் வயலில் கால் வைக்கக் கூடாது. மே கடைசியில் பறவை அப்போதுதான் வந்து ஜோடி சேர்ந்திருக்கும், சில கூடுகள் தொடங்கியிருக்கும். இழப்பு குறைவு. புல் மறுபடி தழைக்க இரண்டு வாரம். பிறகு கூடு, முட்டை, அடை, குஞ்சு, பறக்கப் பழகும் நாள் எல்லாம் கூட்டினால் ஆகஸ்ட் 4 வந்துவிடும். வழக்கமாக ஐந்தாறு வாரத்தில் இரண்டாம் அறுப்புக்கு வருவார்கள். மறுபடி கட்டிய கூடும் அதில்தான் போகிறது. வெர்மாண்டில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வழக்கப்படி முந்தி அறுத்த வயலில் ஒரு பெண் பாபோலிங்க் ஆண்டுக்குக் கரையேற்றியது பூஜ்யம் குஞ்சு. 65 நாள் இடைவெளி விட்ட வயலில் 2.8.

இதில் ஒரு வேடிக்கை. புல்லைக் காயவைத்தே ஆக வேண்டிய காலத்தில் வெயிலுக்குக் காத்திருந்து ஜூன் கடைசி, ஜூலை என்று அறுத்தார்கள். சைலேஜ் வந்ததும் அரைகுறை ஈரத்திலேயே கட்டி பிளாஸ்டிக்கில் சுற்றிவிடலாம் என்றாயிற்று, அறுப்பு மே மாதத்துக்கு நகர்ந்தது. பறவைக்கு வினையாக வந்த அதே பிளாஸ்டிக் உருளைதான், மழை பெய்யும் மே மாதத்தில் முதல் அறுப்பை 31-க்குள் முடிக்கவும் வழி செய்கிறது. தரமான முதல் அறுப்பு முழுசாகக் கிடைக்கும். விட்டுக்கொடுப்பது இரண்டாம் அறுப்பின் தரத்தையும், பின்னால் வரும் ஓர் அறுப்பையும்தான்.

மூன்றாவது, வயலின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுத்துக்கொண்டே வருவது. ஸ்காட்லாந்தின் யூயிஸ்ட், டைரீ தீவுகளில் கார்ன்கிரேக்குக்காக இப்படிச் செய்கிறார்கள். நம் கானாங்கோழிக்கு உறவு; கூப்பிடும் குரலே 'கிரெக்ஸ் கிரெக்ஸ்' என்று அறிவியல் பெயராகிவிட்டது. இதன் குஞ்சு பொரித்த சூட்டோடு கூட்டை விட்டு இறங்கி ஓடும். ஆனால் அறுத்த வெற்றிடத்தைத் தாண்டப் பயம். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்தால், நடுவில் எஞ்சும் கடைசிப் பட்டையில் எல்லாக் குஞ்சும் சிக்கிக்கொள்ளும். உள்ளிருந்து வெளியே அறுத்தால் புல்லுக்குள்ளேயே நகர்ந்து வேலியோரம் சேர்ந்துவிடும். அருமையான உத்தி. ஆனால் ஓடத் தெரிந்த குஞ்சுக்கு மட்டும். பாபோலிங்க் வயலில் எந்தத் திசையில் அறுத்தாலும் ஒன்றுதான்.

நெதர்லாந்தில் கூட்டுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு அறுப்பார்கள். அங்கே புல்வயல் தரையில் கூடு கட்டும் கருவால் மூக்கன்தான் தேசியப் பறவை (குளிர்காலத்தில் நம் நீர்நிலைகளுக்கும் வருவதுதான்). முட்டை தப்பிக்கும். ஆனால் குஞ்சு பொரித்த கையோடு நடந்துவிடும். சுற்றிலும் மொட்டை வயல் என்றால் மறையவும் இடமில்லை, பூச்சியும் கிடைக்காது. தவிர, வெட்டவெளியில் நிற்கும் புல் திட்டு காகத்துக்கும் நரிக்கும் கைகாட்டி மாதிரி.

பால் பண்ணை என்றால் என் ஓட்டு 65 நாளுக்குத்தான். மரவரிசையை விட்டுத் தள்ளி இருக்கிற அகலமான வயலாகப் பார்த்து ஒதுக்கினால் போதும், பாபோலிங்க் விரும்புவதும் அதைத்தான். மழையில் மாட்டி மே 31 கைநழுவி, ஜூன் 10 ஆகிவிட்டது என்றால் அந்த வயலில் அறுவை இயந்திரத்தை இறக்காமல் இருப்பதே நல்லது. அதற்குள் கூடுகளில் முட்டை இருக்கும். அந்த ஒரு வயலை ஆகஸ்ட் வரை விட்டு, வருவதைக் கிடேரிகளுக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.