கிட்டார் பெடலில் பாட் மாற்றினால் டோன் மாறுமா? மூன்று வருடம் வாசித்துப் பார்த்தபின்

நானே சால்டர் செய்து கட்டிய ரேட் (RAT) பெடல் ஒன்று வைத்திருக்கிறேன், கிட்டார் சத்தத்தைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் பெட்டி அது. புரோகோ ரேட்டின் பழைய சர்க்யூட்தான்: எல்எம்308 ஐசி, டிஸ்டார்ஷன், ஃபில்டர், வால்யூம் என்று மூன்று பாட் (குமிழைத் திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்), மூன்றுமே 100கே, அதாவது ஒரு லட்சம் ஓம், லாக் வகை (தொடக்கத்தில் மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் மாறுவது). முதலில் கடையில் கிடைத்த சாதாரண கார்பன் பாட்களைப் போட்டிருந்தேன். நல்ல பாட் போட்டால் சத்தம் திறந்துகொள்ளும், தெளிவு கூடும் என்று பலரும் சொன்னதால், ஐந்து மடங்கு விலை கொடுத்து, தூசி புகாதபடி மூடிய கடத்தும் பிளாஸ்டிக் பாட்கள் மூன்றை வாங்கி மாற்றினேன்.

மாற்றிய அன்று சத்தம் நிஜமாகவே வேறாக இருந்தது. ஃபில்டரைக் கடைசிவரை திருப்பினால் முன்பைவிட மந்தமாக, கனமாகக் கேட்டது. சந்தேகப்பட்டு, கழற்றிய பழைய பாட்டை மீட்டரில் வைத்தால் 84கே, புதியது 101கே. சாதாரண பாட்களில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சகஜம். ரேட்டில் அந்த ஃபில்டர் 1.5கே ரெசிஸ்டரோடும் 3.3 நானோஃபாரட் கெபாசிட்டரோடும் சேர்ந்து வேலை செய்வதால், ட்ரெபிள் (கூர்மையான உயர் ஒலி) வெட்டத் தொடங்கும் இடம் சுமார் 560 ஹெர்ட்ஸிலிருந்து 470க்கு இறங்கிவிட்டது. காது கேட்டது இந்த மதிப்பு வித்தியாசத்தைத்தான். டிஸ்டார்ஷன் பாட்டில் 92கே போய் 98கே வந்தது, கணக்குப்படி அரை டெசிபெல்தான் கூடும், அதுவும் ஏற்கனவே நசுங்கிக் கிடக்கும் சிக்னலில்.

அப்புறம் ஒழுங்காக ஒரு சோதனை செய்தேன். லூப்பரில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி) ஒரே ரிஃப்பை ஓடவிட்டு, பழைய பாட், புது பாட் இரண்டிலும் ஒயரைக் கழற்றி மீட்டரில் ஒரே ரெசிஸ்டன்ஸ் வைத்து, ரெக்கார்டிங்கில் லெவலையும் சமமாக்கிக் கேட்டேன் (லெவல் கொஞ்சம் கூடினாலே காது அதைத்தான் நல்ல டோன் என்று எடுத்துக்கொள்ளும்). எது எது என்று சொல்லாமல் என் தம்பிக்கும் போட்டுக் காட்டினேன். இருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது வருடத்தில் வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம். இவ்வளவு விலை கொடுத்த பாட்டா என்று மனசு விட்டுப்போனது. காண்டாக்ட் கிளீனர் அடித்தும் நான்கு நாளில் திரும்பி வந்தது. கடைசியில் பெடலை ஆன் செய்துவைத்து, பாட்டின் இரு ஓரக் கால்களுக்கு நடுவே டிசி (மாறாமல் நிற்கும் நேர்மின்னழுத்தம்) இருக்கிறதா என்று பார்த்தேன். சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 0.2 வோல்ட்! பாட்டுக்கு முன்னால் நிற்கும் 1 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கசிந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு ஃபிலிம் கெபாசிட்டர் போட்டதும் கரகரப்பு அடியோடு போய்விட்டது. பழைய மலிவு பாட்டைத் திரும்ப வைத்துப் பார்த்தேன், அதுவும் சத்தமில்லாமல் சுற்றியது. அதனால் கரகரத்தால் முதலில் டிசி பாருங்கள், பாட் வாங்குவதெல்லாம் அப்புறம். ஃபஸ் ஃபேஸ் என்ற இன்னொரு பெடலின் 1கே ஃபஸ் பாட் மட்டும் வேறு கதை, அங்கே சர்க்யூட்டின் அமைப்பிலேயே டிசி இருப்பதால் புது பாட்டும் லேசாகக் கரகரக்கத்தான் செய்யும்.

சரி, கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது? கைக்குக் கிடைத்தது. பழையது சும்மா தட்டினாலே சுழன்றுவிடும், மேடையில் ஷூ பட்டு டிஸ்டார்ஷன் எகிறியது எத்தனையோ முறை. புதியது கொஞ்சம் இறுக்கமாக, வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றி, வைத்த இடத்திலேயே நிற்கிறது. மூன்று வருடம் கழித்தும் அப்படியே. அடிக்கடி திருப்பி வாசிப்பவனுக்கு இது பெரிய விஷயம்.

வாங்கும்போது மதிப்புக்கு முன்னால் இருக்கும் ஏ (லாக்), பி (லீனியர், சீராக மாறுவது) எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒருமுறை வால்யூமுக்கு பி100கே, அதாவது லீனியர், போட்டுவிட்டேன். கால் சுற்றுக்குள்ளேயே சத்தம் குதித்து ஏறிவிட்டது, மிச்ச முக்கால் சுற்றில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. போர்டிலேயே நேராக சால்டர் செய்த பாட் என்றால் இன்னும் நிதானம் வேண்டும், நண்பனின் பெடலில் ஒன்றைக் கழற்றும்போது செப்புப் பேட் பிய்ந்து வந்து, ஒயர் இழுத்துத்தான் சரிசெய்ய முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெடலை டோனுக்காக மட்டும் நான் இனி பிரிக்க மாட்டேன்.