ஏழு பேரா, மூன்று நீதிபதிகளா?

இலங்கையில் கொலைக் குற்றத்துக்காக மேல் நீதிமன்றத்தில் நிற்பவரிடம் வழக்குத் தொடங்கும்போதே ஒரு கேள்வி கேட்பார்கள்: ஜூரி வேண்டுமா, வேண்டாமா? 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் கொடுத்த உரிமை அது. வேண்டும் என்றால் பொதுமக்களில் ஏழு பேர் அமர்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். வேண்டாம் என்றால் நீதிபதி ஒருவரே விசாரிப்பார். பாரதூரமான வழக்குகளுக்கு மூன்றாவது வழியும் உண்டு. பிரதம நீதியரசரின் பணிப்பின்பேரில் மூன்று நீதிபதிகள் ஜூரி இல்லாமல் விசாரிப்பார்கள். பத்திரிகைகள் 'ட்ரயல் அட் பார்' என்று எழுதுவது அதைத்தான்.

இவற்றில் எது நல்லது என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எதிரிக்கா (குற்றம் சாட்டப்பட்டவரை இலங்கை நீதிமன்றத் தமிழில் அப்படித்தான் சொல்வோம்), செத்தவரின் வீட்டாருக்கா?

எதிரியின் பக்கமிருந்து பார்த்தால் ஜூரி பெரிய காவல். கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தை நினைத்துப் பாருங்கள். 1951இல் மனைவியைக் கொன்றதாகக் கைதானார். வீட்டு வேலைக்காரர் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டார். கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். 1953இல் ஜூரி சதாசிவத்தை விடுவித்தது. அரசு ஒருவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது, சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் அரசின் கையை எதிர்பார்க்காத ஏழு பேர் குறுக்கே நிற்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, எதிரியே அரசின் ஆளாக இருந்தால்?

1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. எந்த மொழிப் பட்டியலிலிருந்து ஜூரி எடுக்கப்பட வேண்டும் என்று தெரிவு செய்யும் உரிமையும் எதிரிக்குத்தான். ஆகவே உயிர் தப்பியவர்கள் தமிழில் சொன்னதைச் சிங்களம் பேசும் ஜூரிதான் எடைபோட்டது. 2016 ஜூலையில் ஆறு முன்னாள் இராணுவ கோப்ரல்களும் விடுதலையானார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஒரு நள்ளிரவு தாண்டிய நேரத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கிலும் சிங்களம் பேசும் ஜூரி ஐந்து பேரை விடுவித்தது.

அந்த ஜூரிகள் இனம் பார்த்துத்தான் தீர்த்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சாட்சியம் போதாமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஜூரி காரணம் சொல்வதில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் ஒத்துப்போனாலே தீர்ப்பு, அத்தோடு கதை முடிந்தது. சாட்சி சொன்ன மனிதர், தான் சொன்னதில் எதை ஜூரி நம்பவில்லை என்று தெரியாமலே வீடு திரும்புகிறார். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று நீதிபதிகள் என்றால் காரணம் எழுதியே ஆக வேண்டும். யாழ்ப்பாணத்தில் படையினரால் கொல்லப்பட்ட மாணவி கிருஷாந்தியின் வழக்கில் 1998இல் படையினருக்கு மரண தண்டனை விதித்தது அப்படியொரு அமர்வுதான். தண்டனைக்கு முன் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டபோதுதான், எதிரிகளில் ஒருவர் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றி வாய் திறந்தார். எட்டுப் பேர் கொல்லப்பட்ட மிருசுவில் வழக்கிலும் 2015இல் ஓர் இராணுவ சார்ஜன்டுக்கு மரண தண்டனை கிடைத்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்கு மன்னிப்புக் கொடுத்தார். அப்போதும் அந்தத் தீர்ப்பில் எழுதியவை அழியவில்லை. குறை என்னவென்றால், பாதிக்கப்பட்டவர் இந்த அமர்வை உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது. மேலே இருப்பவர்கள் மனம் வைக்க வேண்டும்.

அப்புறம், தனி நீதிபதி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வழக்கு என்றால் தனி நீதிபதியோ, பிரதம நீதியரசர் முடிவு செய்தால் மூன்று நீதிபதிகளோதான், ஜூரி கேட்கவே முடியாது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலமும் அங்கே செல்லும். ஜூரியின் காவல் அதிகம் தேவைப்பட்ட தமிழ் இளைஞர்களுக்கு அந்தக் காவல் கிடைக்காமல் போனது இப்படித்தான். ரவிராஜ் வழக்கிலும் இந்தச் சட்டத்தின்கீழ் குற்றச்சாட்டு இருப்பதால் ஜூரி கூடாது என்று பாதிக்கப்பட்ட தரப்பு வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை.

என் முடிவு இது. சாதாரண எதிரிக்கு ஜூரி உரிமை இருக்கட்டும், பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளுக்கும் அது வரட்டும். சீருடையில் இருந்தவர் பொதுமக்களைக் கொன்றதாக வழக்கு என்றால் மூன்று நீதிபதிகள்தான். ஜூரி இருக்கும் இடத்திலும் ஸ்பெயின்போலச் செய்யலாம். அங்கே 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்பது ஜூரிகளும் எந்தச் சாட்சியத்தை வைத்து முடிவுக்கு வந்தோம் என்று சுருக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு விதி கொழும்பில் இருந்திருந்தால், ரவிராஜின் குடும்பத்தார் மேன்முறையீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு பக்கமாவது இருந்திருக்கும்.