கீட்டோன் பட்டை காட்டுவதும் காட்டாததும்

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணத் தொடங்கியபோது, கொழுப்பை உடைக்கும்போது கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன் என்னும் பொருளைச் சிறுநீரில் கண்டறியும் 50 பட்டைகள் அடங்கிய குப்பி ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி இரண்டு மாதங்கள் பயன்படுத்தினேன். நனைத்து எடுத்த பட்டையின் நிறத்தை, 15 விநாடிகள் கழித்துக் குப்பியின் மீதுள்ள நிற அட்டவணையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த நிற மாற்றத்துக்குப் பின்னால் நடப்பது வியப்புக்குரியது. சோறோ இட்லியோ உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதால் சுரக்கும் இன்சுலின், கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்கள் வெளியேறுவதைத் தடுக்கிறது. கல்லீரலிலோ, சர்க்கரை மிகும்போது உருவாகும் மலோனைல் கோ-ஏ என்னும் பொருள், அக்கொழுப்பமிலங்கள் எரிக்கப்படும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வழியையே அடைத்துவிடுகிறது. மாவுச்சத்து குறையும்போது இவ்விரு தடைகளும் தளர்கின்றன. கல்லீரல் கொழுப்பமிலங்களை உடைத்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. மூன்றாம் நாள் பட்டை இளஞ்சிவப்பானதைக் கண்டபோது, படித்தறிந்த வேதியியல் என் உடலிலேயே நிகழ்கிறது என்ற மகிழ்ச்சி உண்மையாகவே ஏற்பட்டது.

ஆனால் ஐந்தாம் வாரத்தில், உணவில் எந்த மாற்றமும் இல்லாதபோதே நிறம் வெளிறத் தொடங்கியது. இருக்கும் கொஞ்சம் காய்கறியையும் குறைக்க வேண்டுமோ என்று கவலைப்பட்டேன். ஆனால் நிறம் வெளிறினால் கீட்டோன் குறைந்துவிட்டது என்று பொருளல்ல: பட்டை உணர்வது கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோஅசிட்டேட்டை மட்டுமே. இரத்தத்தில் மிகுதியாக இருக்கும் மற்றொரு கீட்டோனான பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, நிறையத் தண்ணீர் குடித்தால் நிறம் நீர்த்துப்போகும். உணவில் சேர்த்த எண்ணெயிலிருந்தும் கீட்டோன் உண்டாகும் என்பதால், அடர்ந்த நிறம் இடுப்புக் கொழுப்பு கரைந்ததற்குச் சான்றாகாது. முதல் வாரத்தில் குறைந்த இரண்டு கிலோவிலும் பெரும்பகுதி நீர்தான். உடல் சர்க்கரையைச் சேமிக்கும் வடிவமான கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும்; அது தீரும்போது அந்த நீரும் வெளியேறிவிடும். இவற்றில் ஒன்றைக்கூட உறையில் அச்சிடாமல் விட்டதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

மாவுச்சத்து போதிய அளவு குறைந்ததா என்று முதல் இரண்டு, மூன்று வாரங்களில் தெரிந்துகொள்ள இதை வாங்கலாம்; எடைக் குறைப்பை அளக்க இடுப்பளவு நாடாவே மேல். நீரிழிவுக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்வோருக்குச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ஆபத்தான கீட்டோன் மிகை நேரக்கூடும் என்பதால், அவர்கள் இப்பட்டையை நம்பி இருக்காமல், மருத்துவரைக் கேட்ட பின்னரே மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும்.