முடியாத தமயந்தியும் பேட்டர்ன் கீப்பர் ஆப்பும்

பெரிய கிராஸ் ஸ்டிச் படத்தை ஆரம்பித்தவர்கள் பாதியில் மடித்துப் பீரோவில் வைப்பதற்கு, தைத்துத் தைத்துச் சலித்துப்போனதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தைப்பது சுகமான வேலை. ஊசி பாட்டுக்குப் போகும், வாய் பாட்டுக்குக் கதை பேசும். ஆளைக் களைக்க வைப்பது தேடல்தான். எந்தக் கட்டத்தில் எந்தக் கலர் என்று குறி போட்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சாகியிருக்கும் சார்ட்டில் அடுத்த மெரூன் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடி, அந்த இடத்தைத் துணியில் எண்ணிப் பிடித்து, ரெண்டு கிராஸ் போட்டுவிட்டுத் தாளுக்குத் திரும்பினால் விட்ட இடம் காணாமல் போயிருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதில் பாதி இப்படித்தான் போகிறது. பேட்டர்ன் கீப்பர் என்ற ஆப் இந்தப் பாதியை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அதனால்தான் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நான் தைத்துக்கொண்டிருப்பது ராஜா ரவி வர்மா 1899இல் வரைந்த, அன்னத்தோடு பேசும் தமயந்தி. காலண்டரிலும் கண்ணாடிச் சட்டத்திலுமாக நம் வீடுகளுக்கு நன்றாகவே பழக்கமானவள். படம் பழசு என்பதால் காப்புரிமைத் தொல்லை இல்லை. ஒரு மென்பொருளில் போட்டு நானே சார்ட்டாக மாற்றிக்கொண்டேன். அகலம் 300 கட்டம், உயரம் 400. வெறும் துணி எங்கேயும் தெரியக்கூடாது, பின்னணியிலும் நூல் நிறைய வேண்டும். ஆக 1,20,000 கிராஸ். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் படம் மட்டும் ஏறக்குறைய இருபத்தொன்றரைக்கு இருபத்தெட்டரை அங்குலம் வரும். சட்டம் போட நாலு பக்கமும் மூணு மூணு அங்குலம் தனி. நிதானமான கை மணிக்கு நூறு கிராஸ் போடும் என்று வைத்தாலும் 1,200 மணி நேரம்.

இந்த மாதிரிப் படத்தை மேல் மூலையில் ஆரம்பித்தால் ரொம்ப காலத்துக்கு மரமும் இருட்டும்தான் வரும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெரியம்மா துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏளா, அந்தப் பிள்ளைக்கு மொகம் எப்பம் வரும்?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் கஷ்டம்.

ஆப் வேலை செய்யும் விதம் சுலபம். பிடிஎஃப் சார்ட்டை ஏற்றினால், பக்கம் பக்கமாகத் துண்டுபட்டிருப்பதை ஒட்டி ஒரே பெரிய சார்ட்டாக விரித்துக்கொடுக்கும். ஒரு குறியைத் தொட்டால் அந்தக் கலர் வர வேண்டிய கட்டங்கள் மட்டும் பளிச்சென்று தெரியும், மற்றவை பின்னால் போய்விடும். தைத்ததை விரலால் இழுத்தால் குறித்துக்கொள்ளும். தப்பாக இழுத்துவிட்டால் அழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கலரிலும் இன்னும் எத்தனை பாக்கி என்றும் சொல்லிவிடும். இவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். விளம்பரத்தில் இதைப் படித்தபோது, பென்சிலால் கோடு போடுகிற வேலைக்கு ஒரு ஆப்பா என்றுதான் எனக்கும் தோன்றியது.

தமயந்திக்குப் பின்னால் இருக்கிற இருட்டில் இறங்கிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. டிஎம்சி என்ற நூல் கம்பெனியின் எண்ணில் 310 என்றால் கறுப்பு. 3371 கறுப்பே போன்ற காப்பிப்பொடி நிறம். 934 கரும்பச்சை, 939 கருநீலம். ராத்திரி டியூப்லைட்டில் நாலையும் பக்கத்தில் வைத்து எது எதென்று சொல்லிவிட்டால் உங்கள் கண்ணுக்குச் சுற்றிப்போட வேண்டும். இந்த நாலும் சேர்ந்து, பத்துக்குப் பத்து கட்டத்துக்குள் அங்கே ஒன்று, இங்கே ரெண்டு, மூலையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். தைக்கிறவர்கள் கன்ஃபெட்டி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது இதைத்தான். தாள் சார்ட்டில் இந்த நாலு குறியும் ஒரு முக்கோணம், ஒரு தலைகீழ் முக்கோணம், ஒரு கறுப்புச் சதுரம், உள்ளே புள்ளி வைத்த இன்னொரு சதுரம். பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒன்றுதான். ஆப்பில் 934ஐத் தொட்டால் அந்தக் கட்டத்துக்குள் ஏழு இடம் மின்னுகிறது. ஏழையும் தைக்கிறேன், ஏழையும் இழுக்கிறேன், 939க்குப் போகிறேன். தாளோடு மல்லுக்கட்டி ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கொண்ட கட்டம் இப்போது சீரியல் முடிவதற்குள் முடிகிறது. வேகம் கூடியதைவிட, எழுந்திருக்கும்போது எரிச்சல் இல்லாமல் எழுந்திருப்பதுதான் பெரிய லாபம். எரிச்சலோடு மூடி வைத்த துணியை மறுநாள் எடுக்க யாருக்குக் கை வரும்?

ஆப்பில் எனக்குப் பிடிக்காத சமாச்சாரம், எல்லாரும் புகழும் அந்தச் சதவீதக் கணக்கு. மொத்த வேலையில் எவ்வளவு ஆயிற்று என்று காட்டுகிறது. சின்னப் படத்துக்கு அது உற்சாகம்தான். 1,20,000 கிராஸில் நூறு போட்டால் கூடுவது 0.08 சதவீதம். ஒரு முழு சதவீதம் நகர வேண்டுமானால் பன்னிரண்டு பத்துக்குப் பத்துக் கட்டம் முடிய வேண்டும். வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் போக மிச்ச நேரத்தில் தைக்கிறவளுக்கு அது ரெண்டு வாரச் சமாச்சாரம். ரெண்டு வாரம் உழைத்து 11, 12 ஆவதைப் பார்த்தால் இருக்கிற உற்சாகமும் போகும். அந்தப் பக்கமே நான் போவதில்லை. பெரிய வேலையில் இருக்கிறவர்கள் யாரும் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான் பார்ப்பது கலர் பட்டியலைத்தான். படம் மாற்றும்போது மென்பொருள் அப்படியும் இப்படியுமாகச் சில நிறங்களை வெறும் இருபது முப்பது தையலுக்காகச் சேர்த்திருக்கும். பட்டியலில் 'பாக்கி 9' என்று ஒரு கலர் நின்றால், அன்றைக்கு வேறு எதையும் தொடாமல் துணியின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த ஒன்பதைப் போட்டு முடித்துவிடுவேன். நூல் சுற்றிய அட்டையை டப்பாவிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் போடலாம். மொத்தக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு கலர் முழுக்க முடிந்தது, இனி அந்த எண்ணைத் தேட வேண்டியதே இல்லை. தையல்காரிக்கு வேண்டியது இப்படி ஒன்று முடிந்தது என்கிற திருப்தி. அதைச் சதவீதம் தருவதில்லை, பட்டியல் தருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாள் சார்ட்டில் ஒரு பக்கம் முடிந்தால் அதைக் கிழித்தோ மடித்தோ வைக்கும் சந்தோஷம் ஒன்று உண்டு. எல்லாப் பக்கத்தையும் ஆப் ஒட்டிவிடுவதால் அது போய்விட்டது. அதற்கு நான் துணியிலேயே பத்துப் பத்துக் கட்டமாக வேறு நிற நூலால் ஓட்டத் தையல் போட்டுக் கோடு பிரித்திருக்கிறேன். எண்ணுவதற்கும் உதவுகிறது. ஒரு கட்டம் நிறைந்ததும் அதன் ஓரமாக ஓடும் அந்த நூலை உருவி எடுப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது. கழுவினால் போகும் பேனாவால் கோடு போடுகிறவர்கள் உண்டு. வெயிலிலும் இஸ்திரிச் சூட்டிலும் அந்த மை துணியோடு ஒட்டிக்கொள்ளலாம் என்று பயம், அதனால் நான் தொடவில்லை.

பார்க்கிங் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆப் கூடுதலாக உதவும். ஒரு கட்டத்தில் ஒரு கலர் முடிந்ததும் நூலை வெட்டாமல், அடுத்த கட்டத்தில் அதே கலர் வரும் இடத்தில் குத்தித் தொங்கவிடுவதற்குத்தான் பார்க்கிங் என்று பெயர். எந்த நூலை எங்கே தொங்கவிட்டோம் என்று ஆப்பிலும் குறித்துக்கொள்ளலாம். தொங்கும் இருபது நூலையும் சிக்கெடுக்கும் பொறுமை எனக்கு இல்லாததால் ஒரே கலரைத் தொடர்ந்து போட்டுக்கொண்டு போகிறேன். எண்ணிக்கை தவறுமோ என்ற பயம் குறைந்ததால் துணியில் எங்கே வேண்டுமானாலும் தாவ முடிகிறது. பெரியம்மாவுக்காகவே மரத்தைப் பாதியில் விட்டுவிட்டு முகத்துக்குப் போயிருக்கிறேன்.

நூல் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சார்ட்டுகள் பெரும்பாலும் டிஎம்சி எண்ணில்தான் வரும். பிரான்சின் முலூஸ் நகரத்தில் 1746இல் தொடங்கிய கம்பெனி அது. நமக்குப் பக்கத்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பது ஆங்கர் நூல். அதிலும் நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. பாபநாசம் மலையடிவாரத்தில் தாமிரபரணித் தண்ணீரை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் தொடங்கி, பின்னால் ஆங்கர் நூல் விற்ற மதுரா கோட்ஸ் ஆன மில்லின் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு வேறு நூல் வாங்கக் கை வராது. 310க்கு ஆங்கரில் 403, 3371க்கு 382, 939க்கு 152 என்று மாற்றுப் பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலை அப்படியே நம்பினால் பக்கத்துப் பக்கத்து டிஎம்சி நிறங்கள் ரெண்டுக்கு ஒரே ஆங்கர் எண் வந்து நிற்கும். சேலை மடிப்பிலும் கன்னத்திலும் நிழல் தட்டையாகிவிடும். ஆப் காட்டுவது சார்ட்டில் இருக்கும் எண்ணைத்தான், இந்த வேலை நம் தலையில்தான் விழும். ஒவ்வொரு அட்டையிலும் ரெண்டு எண்ணையும் எழுதிவிட்டு, ஒரே எண் இரண்டு தரம் வந்த இடத்தில் கடையில் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படி கூடவோ குறையவோ எடுத்துக்கொண்டேன். நூல் முழுக்க ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். சாயம் சில சமயம் லாட்டுக்கு லாட்டு மாறும். கறுப்பில் தெரியாது, தோல் நிறத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

துணி விஷயத்திலும் ஆப்பால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணி மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் வாங்கினேன். அங்குலத்துக்குப் பதினாலு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் ஸ்கேல் வைத்து எண்ணினால் குறுக்கே பதினாலு, நெடுக்கே பன்னிரண்டரை. அதில் தைத்திருந்தால் படம் ஏறக்குறைய மூன்றரை அங்குலம் கூடி, தமயந்தி நீண்டு நின்றிருப்பாள். திருப்பிக் கேட்டதற்கு "எல்லாரும் இதிலதான் தைக்கிறாங்க" என்றார்கள். தலையணை உறையில் ரோஜாப்பூவுக்குப் பரவாயில்லை. முகம் வரும் படத்துக்கு, கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே நெய்த ஐடா துணியே வாங்குங்கள், அதையும் வெட்டும் முன் இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள்.

ஆப் ஆண்ட்ராய்டில் ஓடும். ஐபோன் வைத்திருக்கிறவர்கள் தங்கள் போனில் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மாதம் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு ஒரே தரம் பணம் கட்டினால் போதும். மாதாமாதம் பிடுங்குவதில்லை என்பதே இந்தக் காலத்தில் பாராட்ட வேண்டிய குணம். போனிலும் வேலை செய்யும். ஆனால் சின்னத் திரையில் விரல் ஒரு கட்டம் தள்ளிப் படும். மகன் ஒதுக்கிவைத்த பழைய டேப்லெட்டை சமையல் புத்தக ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். துணி ஒரு வெளிச்சத்திலும் திரை வேறு வெளிச்சத்திலும் இருந்தால் கண் அரை மணியில் கெஞ்சும்.

துணி, நூல், சார்ட் எல்லாம் சேர்த்து விற்கும் கிட்டில் வரும் சின்னப் படத்துக்கும், பத்துப் பதினைந்து கலரில் பூவேலைக்கும் இது வேண்டவே வேண்டாம். அதற்குத் தாளும் பென்சிலும் தாராளம். ஐம்பது கலருக்கு மேல் போகிறது, பின்னணியும் நிறைய வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இலவச மாதத்தில் சுலபமான வானத்தைத் தைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உங்கள் சார்ட்டிலேயே எந்த மூலையைப் பார்த்தால் வயிறு கலங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் போட்டோ சார்ட்டும், பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்ததும் இதில் ஏறாது. வடிவமைத்தவரிடமே காசு கொடுத்து வாங்க இது ஒரு காரணமாக இருக்கட்டும். உங்கள் பிடிஎஃப்பைச் சாதாரணமாகத் திறந்து, சார்ட்டில் ஒரு குறியின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்தைப் போலத் தனியாகத் தேர்வானால் பெரும்பாலும் ஆப்பில் ஏறிவிடும். பக்கம் முழுக்க ஒரே படமாக நின்றால் ஏறாது, அந்தச் சார்ட்டுக்குப் பென்சிலைச் சீவிக்கொள்ள வேண்டியதுதான்.