பொரித்த பிக்கிள்: நான்கு ஆண்டு அடுப்படி அனுபவம்

டெக்சஸுக்குக் குடிவந்த புதிதில், சாலையோர உணவகம் ஒன்றின் பட்டியலில் ‘ஃபிரைடு பிக்கிள்ஸ்’ என்ற பெயரைப் பார்த்தபோது, ஆவக்காயை எண்ணெயில் போட்டுப் பொரிப்பார்களோ என்றுதான் எண்ணினேன். தட்டில் வந்ததோ, வினிகர் கலந்த உப்புநீரில் சதகுப்பியும் பூண்டும் சேர்த்து ஊறவைத்த வெள்ளரிப் பிஞ்சை வில்லைகளாக அரிந்து, மாவில் புரட்டிப் பொரித்த ஒருவகை பஜ்ஜி. ஆர்கன்சா மாநிலத்தின் அட்கின்ஸ் என்னும் சிற்றூரில் டச்சஸ் டிரைவ்-இன் என்ற கடையை நடத்திய பெர்னெல் ஆஸ்டின், 1963இல் இதை விற்கத் தொடங்கினார். ஊறுகாய்த் தொழிற்சாலை இருந்த ஊர் என்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை.

நான்கு ஆண்டுகளாக மாதம் இருமுறையேனும் இதை வீட்டில் செய்துவருகிறேன். முதல் ஆண்டு முழுவதும் தோல்விதான். மேல்மாவு கழன்று எண்ணெயில் மிதக்கும், வெறும் வில்லை அடியில் கிடக்கும். கழலாமல் தப்பியவையும் மேசைக்கு வருவதற்குள் நமத்துவிடும். மாவின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே, குற்றம் மாவில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது என்று புரிந்தது. மோர் மிளகாயை நன்றாக வெயிலில் காயவைக்காமல் எண்ணெயில் போட நம்மில் எவரும் துணியமாட்டோம். ஆனால் புட்டியிலிருந்து எடுத்த வில்லையைச் சொட்டச் சொட்ட மாவில் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, மேல்மாவை உள்ளிருந்து தள்ளிவிடுகிறது.

இப்போது வில்லைகளைக் கால் மணி நேரம் வடியவிட்டு, பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியிட்டு அழுத்தி ஒற்றியெடுத்த பிறகு, மூடாமல் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். பிக்கிளையும் பார்த்து வாங்க வேண்டும். வெளி அலமாரியில் அடுக்கியிருக்கும் புட்டிகள் பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டவை என்பதால் காய் சற்றுத் துவண்டிருக்கும். கடையின் குளிர்பகுதியில் இருப்பவையே கடித்தால் நறுக்கென்று இருக்கின்றன. முழுக்காயாக வாங்கி, நானே ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் அரிந்துகொள்கிறேன்.

மேல்மாவில் இப்போது நிலைத்திருப்பது மூன்று படிகள்: முதலில் கார்ன்ஃபிளவரை மெல்லிதாகத் தூவிப் புரட்டுவது, அடுத்து கெட்டி மோரில் நனைப்பது, கடைசியாக மைதாவும் மக்காச்சோளக் குருணை மாவும் சரிபாதி கலந்து, இரண்டு கரண்டி அரிசி மாவு, மிளகுத் தூள், மிளகாய்த் தூள் சேர்த்த கலவையில் அழுத்தி எடுப்பது. நம் ஊரில் கார்ன்ஃபிளவர் என்று விற்கும் வெண்மாவை இங்கே கார்ன் ஸ்டார்ச் என்று கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் ஒரு பெரிய பையை மாற்றி வாங்கி, அதைத் தீர்க்க மூன்று மாதம் ஆயிற்று. மேல்மாவில் உப்பு சேர்ப்பதே இல்லை, காயிலேயே போதுமான அளவுக்கு மேல் இருக்கிறது. புரட்டிய வில்லைகளைப் பத்து நிமிடம் அப்படியே விட்டால் மாவு நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கடலை எண்ணெயை 190 டிகிரி செல்சியஸுக்குக் காயவைத்து, ஒரு ஈட்டுக்கு எட்டு வில்லைகளுக்கு மேல் போடாமல், இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவேன். கூடுதலாகப் போட்டால் சூடு இறங்கி, எண்ணெய் குடிக்கும். வினிகர் ஆவி மூக்கைச் சுள்ளென்று தாக்கும் என்பதால் சன்னலைத் திறந்துவைப்பது நல்லது. எடுத்தவற்றைக் காகிதத்தில் குவித்தால் அடிப்பக்கம் வியர்த்து நமத்துவிடுகிறது. கம்பித்தட்டில் பரப்பினால் இருபது நிமிடம் வரை மொறுமொறுப்புக் குறைவதில்லை. உதிரும் குருணை அடியில் கருகுவதால், ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு அரித்தெடுப்பதும் கட்டாயம்.

ஏர் ஃபிரையரிலும் ஆறு மாதம் முயன்றேன். ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெய் தெளித்தால் தின்னும்படி இருக்கிறது, ஆனால் அது வேறொரு பண்டம். மீந்தவற்றை மைக்ரோவேவில் வைத்தால் கொழகொழத்துவிடும். ஓவனில் ஐந்து நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும். புட்டியில் மிஞ்சும் ஊறல்நீரில் சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். இரண்டு நாளில் தயிர்சாதத்துக்கு ஆகிவிடுகிறது.