தூண்மேல் மெட்ரோவா, சுரங்க மெட்ரோவா: வீடு தேடியபோது எடுத்த முடிவு

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. அசோக் நகரில் மெட்ரோ தூண்மேல் ஓடுகிறது. ஷெனாய் நகரில் சுரங்கத்தில். அசோக் நகரையே எடுத்தோம். வேலை ஷெனாய் நகர் பக்கம் என்பதால் இரண்டையும் தினமும் பார்க்கிறேன். கோயம்பேடு தாண்டியதும் ரயில் சரிந்து இறங்கும்; ஜன்னலில் வெயில் போய் நம் முகம் தெரியும்.

சுரங்கம் என்றால் சத்தம் இல்லை, தெருவை மறைக்காது. கட்டும் செலவு கிலோமீட்டருக்கு இரண்டு மடங்குக்கு மேல். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான் பெரிதாக நினைப்பது கட்டிய பிறகு ஆகும் செலவை. அசோக் நகர் நடைமேடைக்குக் காற்றும் வெளிச்சமும் சும்மா வருகின்றன. ஷெனாய் நகரில் பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும், ஏசி ஓட வேண்டும், நடைமேடை ஓரக் கண்ணாடிக் கதவுகள் ஒவ்வொரு ரயிலுக்கும் திறந்து மூட வேண்டும். நம் கண்ணில் படாதவை இன்னும் உண்டு: சுரங்கத்துக்குள் காற்றைத் தள்ளும் ராட்சத மின்விசிறிகள், தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் ஏற்பாடு, கசியும் நீரை இறைக்கும் பம்புகள். ரயிலில் பத்துப் பேர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் இவை ஓடித்தான் ஆக வேண்டும். அந்தப் பணம் நம் டிக்கெட்டிலோ வரியிலோதான் வரும்.

சுரங்கம் தோண்டினால் மேலே எதையும் இழக்க மாட்டோம் என்பதும் சரியில்லை. நிலையத்துக்கு மேலிருந்துதான் பள்ளம் தோண்டுகிறார்கள். ஷெனாய் நகர் நிலையத்துக்காக திரு.வி.க. பூங்கா பத்தாண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. நடக்கப் போன பெரியவர்களுக்கு அது சின்ன இழப்பா? அப்புறம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் புறநகர் ரயில்கள் நின்றபோதும் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ தூண்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

தூண்மேல் போட்டால் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலைப் பாருங்கள். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கி நீர்வழியைக் குறுக்கிவிட்டார்கள். நிலையங்களோ பிரம்மாண்டமாக, இருட்டாக, பராமரிப்பில்லாமல் கிடந்தன. ராத்திரியில் தனியாக இறங்கப் பெண்கள் பயந்தார்கள்.

சத்தத்தைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது. எங்கள் வீடு மெட்ரோ ஓடும் 100 அடி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. காதில் விழுவது பஸ் ஹாரன்தான். தூணுக்கு நேர் எதிரே, ரயில் போகும் உயரத்தில் படுக்கையறை இருந்தால் நானே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

100 அடி ரோடு போல அகலம் இருந்தால் மேலேதான் போட வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் தூண் நிறுத்த இடமே இல்லை, அங்கே சுரங்கம்தான். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி பாதையை அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்: மயிலாப்பூரையும் தி.நகரையும் பூமிக்கடியில் கடந்து, கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் வரும்போது மேலே ஏறிவிடுகிறது.