20 ரோல் போச்சு: ‘உங்க லென்ஸுக்கு இதுதான் ஃபிலிம்’ என்று யாராவது சொன்னால் உஷார்

நல்ல லென்ஸுக்கு எந்தக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் பொருந்தும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு ஃபிலிம் விற்ற ஆள் இன்று காலை என்னை பிளாக் செய்துவிட்டதால் முதலில் 20 ரோல் கதை.

ஃபிலிம் மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடை. ஆர்டர் போடும் முன் கடைக்காரரே கேட்டார்: "எந்த லென்ஸ், எந்த அபர்ச்சர்ல (லென்ஸ் திறப்பு அளவு) எடுப்பீங்க?" சொன்னதும் கணக்கே போட்டுக் காட்டினார். லென்ஸ் மில்லிமீட்டருக்கு 100 கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டி, ஃபிலிமும் 100 பிரித்தால் நெகட்டிவில் கிடைப்பது சுமார் 50தான். ஃபிலிமில் மிச்சம் பிடித்தால் லென்ஸுக்குக் கொட்டிய காசு வீண். கணக்கு சரிதான். அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவரா ஏமாற்றப் போகிறார்! "இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ், ஐஎஸ்ஓ 50, பெரிய சுருள்ல இருந்து நானே வெட்டிச் சுத்தினது" என்றார். ஐஎஸ்ஓ என்றால் ஃபிலிம் ஒளியை உணரும் வேகம். 20 ரோல். முழுப் பணமும் முன்பே கட்டியாயிற்று.

7 ரோலை கேமராவில் ஐஎஸ்ஓ 50 வைத்து எடுத்துக் கழுவினால் நெகட்டிவ் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. வானத்தில் ஒரு விவரமும் இல்லை, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், மணல் மணலாகக் கிரெயின். ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்தால் 5222! கோடாக் டபுள்-எக்ஸ், 1959இல் வந்த சினிமா நெகட்டிவ், பகல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 250. அதை 50 என்று வைத்து எடுத்தால் 2 ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூடுதல் எக்ஸ்போஷர். போதாததற்கு டெவலப் நேரமும் வேறு ஃபிலிமுக்கானது. மட்டமான ஃபிலிம் இல்லை, 250இல் எடுத்தால் அழகான டோன் தரும். ஆனால் அதற்கா பணம் கொடுத்தேன்? இந்த சினிமா ஃபிலிம் 400 அடி டப்பா ஒன்றில் சுமார் 75 ரோல் தேறும். யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டதற்கு முதல் பதில்: "டெவலப்பர் (ஃபிலிம் கழுவும் ரசாயனம்) பழசா இருக்கும்." பழைய டெவலப்பர் நெகட்டிவை வெளுக்க வைக்குமே தவிர கறுக்க வைக்காது. அடுத்து, "லைட் மீட்டரைப் பாருங்க." அப்புறம், "ஸ்கேனர்ல ஷார்ப்னஸ் கூடியிருக்கும்." ஓர எழுத்தைப் படமெடுத்து அனுப்பினேன். "சுருள் மாறியிருக்கலாம், ஆனா வித்த ரோலைத் திரும்ப எடுக்கிறதில்லை சார்." அதோடு பிளாக். 20 ரோல் காசு!

சரி, நீங்கள் ஏமாறாமல் இருக்க அவசரமாகச் சில. ரோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஃபிலிம் முனையில் ஓர ஓட்டைகளைப் பாருங்கள். ஸ்டில் ஃபிலிமில் மூலை மழுங்கிய செவ்வகமாக இருக்கும். சினிமா கேமரா நெகட்டிவில் மேலும் கீழும் தட்டை, பக்கங்கள் இரண்டும் வில்லாக வளைந்திருக்கும். ஒரு நிமிட வேலை, நான் பார்க்கவில்லை. கையால் சுற்றியது என்றால் 1 ரோல் மட்டும் வாங்கி, ஒரே காட்சியை 25, 50, 100, 200, 400 என்று வைத்து எடுத்து, கழுவி, ஓர எழுத்தைப் படித்த பிறகே அடுத்த ரோல். எழுத்தே இல்லையென்றால் தொடாதீர்கள். உண்மையான பான் எஃப் கிடைத்தால் எடுத்ததும் கழுவிவிடுங்கள், கழுவாமல் வைத்தால் பதிந்த பிம்பம் சீக்கிரம் மங்கும்.

மீதி 13 ரோலை 200இல் எடுத்துத் தீர்க்கப் போகிறேன். லென்ஸ் பொருத்தம் இன்னொரு நாள்.